கிறுக்கர்களுக்குச் சிலை வைத்த ஊர்

ரஷ்யாவில் பழைய ஊர் ஒன்றைப் பார்க்க வேண்டும் என்று மாஸ்கோவில் யாரைக் கேட்டாலும் சுஸ்தால் என்பார்கள். ‘தங்க வளையம்’ என்ற பெயரில் ஒரு சுற்றுலாப் பாதை உண்டு. 1967இல் யூரி பிச்கோவ் என்ற பத்திரிகையாளர் எழுதிய தொடர் கட்டுரைகளில் பிறந்த பெயர் அது. அந்த வளையத்தில் கோத்த ஊர்களில் தேவாலயக் குமிழ்களின் பொற்பூச்சு மங்குவதில்லை. தேன் மது விற்கும் கடைக்காரர் நாலு மொழியில் விலை சொல்வார். நல்ல ஊர்கள்தான், குறை சொல்லவில்லை. ஆனால் எனக்கு வேண்டியிருந்தது வேறு. பேருந்து நிறுத்தத்தில் பாட்டிமார் ஆப்பிள் வாளியோடு உட்கார்ந்திருக்க வேண்டும். வரலாறு டிக்கெட் கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் மட்டும் இருக்கக் கூடாது. அப்படித் தேடித்தான் போரோவ்ஸ்க் போனேன்.

மாஸ்கோவுக்குத் தென்மேற்கே ஏறக்குறைய 100 கிலோமீட்டர். கலூகா மாநிலம், புரோத்வா ஆற்றின் கரை. மக்கள் தொகை பத்துப் பன்னிரண்டாயிரம் இருக்கும். ஆவணங்களில் இந்த ஊரின் பெயர் 1358லிருந்து வருகிறது. ரயில் பாதை ஊரைத் தொடாமல் 14 கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. ஒரு ஊர் சின்னதாகவே நிற்பதற்கு அது போதும்.

கீவ் ரயில் நிலையத்தில் காலை எலெக்ட்ரீச்கா பிடித்தேன். நம்மூர்ப் புறநகர் மின்தொடரின் ரஷ்ய வடிவம். பயணம் ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். இந்திய வங்கி அட்டைகள் எதுவும் 2022க்குப் பிறகு இங்கே ஓடுவதில்லை என்பதால் சட்டைப்பையில் ரூபிள் தாள்களைத் திணித்துக்கொண்டு போவது பழகிவிட்டது. வண்டியில் பாதிப் பேர் அப்னின்ஸ்க் போகிறவர்கள். 1954 ஜூன் மாதம் உலகில் முதன்முதலாக அணு மின்சாரத்தைப் பொதுக் கம்பியில் ஏற்றிய ஊர் அது. கூடங்குளத்துக்கு உலைகளைத் தந்த நாட்டின் அணு மின்சாரப் பூர்வீகத்தைத் தேடினால் இந்தப் பாதைக்குத்தான் வர வேண்டும். நான் அதற்கு முன்பாகவே, பலபானவோ என்ற இடத்தில் இறங்கினேன். தீப்பெட்டிக்குப் பேர் போன ஊர். அங்கிருந்து சிற்றுந்து. ஓட்டுநருக்கு எதிரே ஒட்டியிருந்த மூன்று புனிதர் படங்களுக்கு நடுவில் ஒரு கால்பந்துக் குழுவின் சின்னம்.

அக்டோபர் நடுப்பகுதி. பிர்ச் மரங்கள் முழுக்க மஞ்சள். வயல்களில் அறுப்பு முடிந்து கறுத்த மண். அரை மணிக்குள் ஊர்.

இறங்கியதும் கண்ணில் படுவது, ரஷ்யச் சிற்றூர் எல்லாவற்றிலும் படுவதுதான்: லெனின் பெயரில் சதுக்கம், சதுக்கத்தில் லெனின், லெனினுக்குப் பக்கத்திலேயே தேவாலயம். அடுத்துக் கண்ணில் படுவது வேறெங்கும் கிடையாது. சதுக்கத்திலிருந்து கிளம்பும் தெருக்களில் சுவர்கள் பேச ஆரம்பிக்கின்றன. காரை பெயர்ந்த ஒரு பக்கச் சுவரில் திறந்த ஜன்னல் ஒன்று. கிட்டே போனால் அது ஓவியம். இன்னொரு சுவரில் துறவி, தாடிக்கார அறிஞர், கப்பற்படைத் தளபதி. கடற்படைத் தளபதிக்கு இந்த உள்நாட்டு ஊரில் என்ன வேலை என்று யோசித்தேன். 1807இல் துருக்கியக் கப்பல்களை அதோஸ் அருகே முறியடித்த அட்மிரல் சென்யாவின் பிறந்தது போரோவ்ஸ்கை ஒட்டிய கிராமத்தில்தான்.

இந்த ஓவியங்கள் நகராட்சி செய்த ஏற்பாடு அல்ல. விளதீமிர் அவ்சீன்னிகவ் என்ற ஓய்வுபெற்ற பொறியாளர் இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் தூரிகையை எடுத்தார். அப்போதே அறுபதைத் தாண்டியவர். யாரும் கேட்கவில்லை, யாரும் சம்பளம் தரவில்லை. பாழடைந்த சுவராகப் பார்த்து ஏணி சாய்த்து வரைந்தார். நூற்றுக்கு மேல் வரைந்துவிட்டார் என்கிறார்கள். தரம் என்று பார்த்தால் ஏற்ற இறக்கம் நிறைய. சில முகங்கள் புகைப்படத்தைப் பார்த்து வரைந்ததாகவே தெரிகின்றன, உயிர் இல்லை. ஆனால் மூடிக்கிடந்த ஜன்னல் குழிகளில் அவர் வரைந்த பொய் ஜன்னல்கள் அசலானவை. ஈரக் காற்றும் உறைபனியும் வருடா வருடம் அவற்றைத் தின்கின்றன. அவர் மறுபடி பூசுகிறார், இல்லாவிட்டால் கட்டடத்தையே இடித்துவிடுகிறார்கள். அவரைப் பற்றி இன்னும் சொல்ல இருக்கிறது. முதலில் அவர் வரைந்த மனிதர்களைப் பார்த்துவிடலாம். அவர்களில் சிலர் தங்கள் காலத்தில் இந்த ஊராரால் கிறுக்கர் என்று அழைக்கப்பட்டவர்கள்.

முதல் கிறுக்கர் ஓர் உபாத்தியாயர். 1880இல் இருபத்திரண்டு வயதில் கன்ஸ்தன்தீன் சியோல்கோவ்ஸ்கி இந்த ஊர்ப் பள்ளிக்குக் கணக்கு வாத்தியாராக வந்தார். பத்து வயதில் வந்த செங்காய்ச்சலில் காது பெரும்பாலும் போய்விட்டது. காது கேட்காதவனுக்கு எந்தப் பள்ளிக்கூடத்தில் இடம்? மாஸ்கோ நூலகத்தில் உட்கார்ந்து தானாகவே கணிதமும் இயற்பியலும் படித்தவர். ஊரில் அவருக்கு வீடு கிடைப்பதே பாடாக இருந்தது. அன்றைய போரோவ்ஸ்க் பெரும்பாலும், திருச்சபை திருத்திய வழிபாட்டு முறையை ஏற்காத பழைய நம்பிக்கையினரின் ஊர்; அயலாருக்கு அறை கொடுக்கத் தயங்குவார்கள். கடைசியில் ஆற்றோரத்தில் மனைவியை இழந்த ஒரு பாதிரியார், மகளோடு இருந்தவர், இடம் கொடுத்தார். அந்த மகள் வார்வாராவை அதே வருடம் ஆகஸ்டில் மணந்துகொண்டார். கல்யாணம் நடந்த விதத்தை அவரே பிற்பாடு எழுதி வைத்திருக்கிறார். நாலைந்து கிலோமீட்டர் நடந்தே போய், புது உடுப்பு எதுவும் இல்லாமல், தேவாலயத்துக்குள் ஒருவரையும் விடாமல் மோதிரம் மாற்றிக்கொண்டு திரும்பியிருக்கிறார்கள். அன்றைக்கே மாப்பிள்ளை பக்கத்து வீட்டில் ஒரு கடைசல் இயந்திரம் வாங்கிவந்து, மின்பொறிக்காகக் கண்ணாடி வெட்ட உட்கார்ந்துவிட்டார். வார்வாரா அன்று என்ன நினைத்தார் என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை.

அவர் வாடகைக்கு இருந்த வீடுகளில் ஒன்று இப்போது அருங்காட்சியகம். மரவீடு, தாழ்ந்த கூரை. வாசலில் காலணிக்கு மேல் நீல நிற பிளாஸ்டிக் உறை மாட்டிக்கொள்ள வேண்டும். ரஷ்ய அருங்காட்சியகம் எதற்குப் போனாலும் இந்தச் சடங்கு தப்பாது. உள்ளே என்னையும் ஒரு பள்ளிக் குழுவையும் தவிர வேறு யாரும் இல்லை. குழுவுக்கு விளக்கம் சொன்ன அம்மாள் இரண்டாம் உலகப் போரை விவரிக்கும் குரலில் பேசினார். பையன்கள் சிரித்தது ஒரே இடத்தில்தான். வாத்தியார் காகிதத்தில் செய்த வெப்பக் காற்றுப் பலூன் கயிற்றை அறுத்துக்கொண்டு, அடியில் எரியும் சிராயோடு பறந்து போய் ஒரு செருப்புத் தைப்பவரின் கூரையில் விழுந்தது. தீப்பிடித்தால் ஊரே போயிருக்கும். செருப்புத் தைப்பவர் பலூனைக் கைது செய்து வைத்துக்கொண்டார்.

இப்படி நிறைய. உறைந்த ஆற்றில் சறுக்குக் காலணி மாட்டிக் குடையை விரித்துப் பாய்மரமாக்கி ஓடுவார். எதிரே வரும் வண்டிக் குதிரைகள் மிரளும், வண்டிக்காரர்கள் வைவார்கள். பருந்து வடிவில் பட்டம் செய்து இரவில் விளக்கேற்றிப் பறக்கவிடுவார். வானத்தில் தெரிவது விண்மீனா, வாத்தியாரின் பறவையா என்று தெருவில் நின்று ஊரார் விவாதிப்பார்களாம். பணம் எல்லாம் இதற்கே போயிற்று. குழந்தைகள் நாலு பேர் இங்கே பிறந்தார்கள். 1887இல் வீட்டில் பிடித்த தீ கையெழுத்துப் படிகளைத் தின்றது.

அப்படிப்பட்ட வீட்டில்தான் 1883இல் ‘சுதந்திர வெளி’ என்று ஒரு நாட்குறிப்பு எழுதினார். எடையில்லாத இடத்தில் ஒரு மனிதன் நடமாடினால் எப்படி இருக்கும், ஒரு பக்கம் எதையாவது வீசி எறிந்தால் எதிர்ப்பக்கம் எப்படி நகர்வான் என்பதையெல்லாம் படம் போட்டு விளக்கியிருக்கிறார். அதை அச்சேற்ற யாரும் முன்வரவில்லை, அவரும் அலையவில்லை. அந்த வருடங்களில் அவர் பெரிய காரியமாக நினைத்து உழைத்தது முழுக்க உலோகத்தால் ஆன ஆகாயக் கப்பலுக்காக. அது என்றைக்கும் பறக்கவில்லை. ராக்கெட்டின் வேகத்தையும் எரிபொருளின் நிறையையும் முடிச்சுப் போடும் சமன்பாட்டை அவர் எழுதியது கலூகாவுக்கு மாறிப் போன பிறகு, 1897இல். அச்சில் வந்தது 1903இல். இன்றைக்கும் மகேந்திரகிரியில் சோதிக்கும் எஞ்சினானாலும் சரி, வேறெந்த நாட்டு ராக்கெட்டானாலும் சரி, அந்தச் சமன்பாட்டை மீறி ஒரு கிலோ தூக்க முடியாது. உலகம் கலூகாவைத்தான் அவருடைய ஊராகச் சொல்கிறது. பெரிய அருங்காட்சியகம் இருப்பதும் அங்கேதான். ஆனால் யாரும் தன்னைக் கவனிக்காத இடத்தில் பன்னிரண்டு வருடம் கிறுக்குத்தனம் செய்து பார்க்கும் சலுகையை அவருக்குக் கொடுத்தது போரோவ்ஸ்க். அதன் பங்கைக் குறைத்து மதிப்பிடக் கூடாது என்பது என் கட்சி.

ஊரில் அவருக்கு வைத்த சிலை அதைப் புரிந்துகொண்டு செய்தது. ரஷ்யாவில் பெரியவர்களின் சிலை என்றால் நெஞ்சை நிமிர்த்திக் கையை நீட்டிக்கொண்டிருக்கும். இங்கே அவர் கம்பளிப் பூட்ஸ் மாட்டிக்கொண்டு உட்கார்ந்து, வாயைத் திறக்காத குறையாக மேலே பார்த்துக்கொண்டிருக்கிறார். தோளில் உண்மையான ஒரு புறா. புறா போனதும் அது உட்கார்ந்திருந்ததற்கான அத்தாட்சி தோளில் இருந்தது.

இரண்டாவது கிறுக்கர் இன்னும் பெரியவர், இன்னும் அதிகம் மறக்கப்பட்டவர். சியோல்கோவ்ஸ்கி வருவதற்குப் பதினைந்து இருபது வருடம் முன்பு அதே பள்ளியில் வரலாறும் பூகோளமும் சொல்லிக்கொடுத்த நிகோலாய் ஃபியோதரவ். சம்பளத்தை ஏழை மாணவர்களுக்குக் கொடுத்துவிட்டு, தேநீரும் ரொட்டியுமாக வாழ்ந்து, வெறும் பெட்டிமேல் படுத்து உறங்கியவர். பிறகு மாஸ்கோவில் நூலகராகிக் கால் நூற்றாண்டு இருந்தார். தல்ஸ்தோயும் தஸ்தயெவ்ஸ்கியும் அவருடைய சிந்தனையை மதித்தார்கள். அவர் சொன்னது இதுதான். மனித குலத்துக்கு ஒரே ஒரு பொது வேலை இருக்கிறது: இறந்துபோன முன்னோர் அனைவரையும் அறிவியலால் உயிர்ப்பிக்க வேண்டும். உருவகமாகச் சொல்லவில்லை, உடலோடுதான். அத்தனை பேருக்கும் பூமியில் இடம் போதாதே என்றால், அதற்குத்தான் மற்றக் கோள்கள் இருக்கின்றன, அங்கே போக வழி கண்டுபிடியுங்கள் என்றார்.

நீத்தாருக்கு நாம் எள்ளும் நீரும் இறைப்பதோடு கடன் தீர்ந்தது என்று திருப்திப்படுகிறோம். இவர் அதோடு விடத் தயாராக இல்லை. உயிரோடிருக்கும்போது ஒரு நூலும் தன் பெயரில் வெளியிடவில்லை. 1903இல் அவர் இறந்த பிறகு சீடர்கள் தொகுத்த ‘பொதுப் பணியின் தத்துவம்’ விற்பனைக்கு அல்ல, கேட்டவருக்கு இலவசம் என்று வெளிவந்தது.

இந்த இருவரும் ஒரே பள்ளியில் வேலை பார்த்தார்கள், ஆனால் சந்தித்தது இங்கே இல்லை. மாஸ்கோவின் செர்த்கோவ் நூலகத்தில் காது கேட்காத ஒரு பையன் தினமும் வந்து உட்கார்ந்திருப்பதைக் கவனித்து, அவனுக்குத் தடை செய்த புத்தகங்களைக்கூட எடுத்துக் கொடுத்த நூலகர் ஃபியோதரவ்தான். பல்கலைக்கழகப் பேராசிரியர்களுக்குப் பதிலாக எனக்கு அவர் இருந்தார் என்ற பொருளில் சியோல்கோவ்ஸ்கி பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். இன்னொன்றும் சொல்ல வேண்டும். கதையில் எழுதினால் மிகை என்று ஆசிரியர் வெட்டிவிடுவார். ஃபியோதரவ் ஓர் இளவரசருக்கு மண உறவுக்கு வெளியே பிறந்த பிள்ளை. அந்த இளவரசரின் குடும்பப் பெயர் ககாரின். விண்வெளிக்கு முதலில் போனவருக்கும் அந்தக் குடும்பத்துக்கும் எந்த உறவும் இல்லை, பெயர் ஒற்றுமை மட்டும்தான். இருந்தாலும்.

2009இல் போரோவ்ஸ்க் ஃபியோதரவுக்கும் ஒரு சிலை வைத்தது. நான் போனபோது அதன் காலடியில் யாரோ ஒரு ஆப்பிளை வைத்திருந்தார்கள். பாதி கடித்த ஆப்பிள். பக்தி என்று எடுத்துக்கொள்வதா, பள்ளிப் பிள்ளையின் சோம்பல் என்று எடுத்துக்கொள்வதா தெரியவில்லை.

மதியச் சாப்பாடு சதுக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு ஸ்தலோவயாவில். தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நகர வேண்டிய பழைய சோவியத் காலத்துச் சாப்பாட்டுக் கடை. பீட்ரூட் சூப், கிரேச்கா கஞ்சி, உலர்ந்த பழங்களை வேகவைத்த கம்போத். இறைச்சி வேண்டாம் என்றதும் பரிமாறிய பெண்மணி, ‘விரதமா?’ என்று கேட்டுவிட்டுத் தானே ஆமென்று தலையசைத்துக்கொண்டு கஞ்சியை இரட்டிப்பாகப் போட்டார். திருத்த மனம் வரவில்லை.

மூன்றாவது ஆள் விஷயத்தில் சிரிப்புக்கு இடமில்லை.

ஆற்றுக்கு மேலே மேடாக எழும் இடத்தைக் கரதீஷே என்கிறார்கள், பழைய கோட்டை இருந்த மேடு. அங்கே ஒரு சிற்றாலயம், கீழே நிலவறை. 1675இல் இந்த மேட்டின் மண்குழிச் சிறையில் மூன்று பெண்கள் பட்டினியால் இறந்தார்கள். ஃபியோதோசியா மொரோசவா, அவருடைய தங்கை எவ்தோக்கியா ஊருசவா, தோழி மரியா தனீலவா.

மொரோசவா அன்றைய ரஷ்யாவின் பெருஞ்செல்வர்களில் ஒருவர், இளம் கைம்பெண். கணவரின் அண்ணன் ஜார் மன்னரையே வளர்த்த ஆசான். 1650களில் திருச்சபைத் தலைவர் நீக்கோன் வழிபாட்டு முறைகளைத் திருத்தினார். சிலுவைக் குறியை இரண்டு விரலால் இடுவது போய் மூன்று விரல் ஆயிற்று. அல்லேலூயா இரண்டு முறை என்பது மூன்று முறை ஆயிற்று. இயேசுவின் பெயரில் ஓர் எழுத்துக் கூடியது. இதற்காகவா இவ்வளவு ரத்தம் என்று நமக்குத் தோன்றும். தென்கலை வடகலை நாமத்துக்காக நீதிமன்றப் படியேறிய ஊர்க்காரர்கள் அப்படிக் கேட்கக் கூடாது. அவர்களுக்கு அது விரல் கணக்கு அல்ல. அப்பனும் பாட்டனும் கும்பிட்ட முறை தப்பு என்று அரண்மனையிலிருந்து ஆணை வந்தால், அவர்களெல்லாம் நரகத்திலா இருக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. மறுத்தவர்களுக்குப் பழைய நம்பிக்கையினர் என்று பெயர் வந்தது. அவர்களின் பெருங்குரலான பாதிரியார் அவ்வாக்கும் இந்த ஊர் மடாலயத்தில்தான் 1666, 1667இல் பூட்டி வைக்கப்பட்டார்; 1682இல் வட துருவ வட்டத்துக்குப் பக்கத்தில் உயிரோடு எரிக்கப்பட்டார்.

மொரோசவா வீட்டைத் தலைமறைவானவர்களுக்குத் திறந்துவிட்டார், ஜாரின் இரண்டாவது திருமணத்துக்குப் போக மறுத்தார். 1671 நவம்பரில் கைது. சங்கிலியோடு சறுக்கு வண்டியில் மாஸ்கோத் தெருக்களில் இழுத்துப் போனார்கள். சூரிகவ் 1887இல் வரைந்த மாபெரும் ஓவியம் அந்தக் காட்சிதான். த்ரெத்யாகவ் கலைக்கூடத்தில் அதற்கு முன்னால் எப்போதும் கூட்டம் இருக்கும். கறுப்பு உடை, வெளிறிய முகம், உயர்த்திய இரண்டு விரல். பனிமேல் சிறகை விரித்து உட்கார்ந்திருந்த ஒரு காகத்தைப் பார்த்துத்தான் அந்த உருவம் சூரிகவுக்குப் பிடிபட்டதாம்.

ஓவியம் அங்கே நின்றுவிடுகிறது. மொரோசவா கடைசியில் போய்ச் சேர்ந்த இடம் இந்த மேடு. அவருடைய வாழ்க்கையை அக்காலத்திலேயே எழுதியவர் ஒரு நிகழ்ச்சியைப் பதிந்திருக்கிறார். தங்கை செப்டம்பரில் இறந்த பிறகு மொரோசவா காவல் வீரனிடம் ஒரு ரொட்டித் துண்டு கேட்டார். அவன் பயந்து மறுத்தான். ஒரு காய்ந்த ரொட்டி, ஒரு ஆப்பிள், ஒரு வெள்ளரிக்காய் என்று கேட்டுக்கொண்டே வந்தார். எதற்கும் அவனால் முடியவில்லை. சரி, என் சட்டையையாவது ஆற்றில் துவைத்துக் கொடு, அழுக்கோடு போக விரும்பவில்லை என்றார். அதை அவன் செய்தான். துவைக்கும்போது அழுதான் என்கிறது அந்த வரலாறு.

மேட்டிலிருந்து புரோத்வா தெரிகிறது. நாலு எட்டு வைத்தால் கடந்துவிடலாம் என்று தோன்றும் அளவுக்குச் சின்ன ஆறு. நிலவறையில் இரண்டு பெண்கள் தலையில் முக்காட்டைக் கழுத்தடியில் குத்தூசியால் கோத்து நின்று தொழுதார்கள். முடிச்சுப் போடுவதில்லை, அது பழைய நம்பிக்கையினரின் வழக்கம். வெளியே வந்ததும் அவர்களில் ஒருவர் என்னைப் பார்த்து எங்கிருந்து என்று கேட்டார். இந்தியா என்றேன். ‘அவ்வளவு தூரத்திலிருந்து எங்கள் ஃபியோதோசியாவைப் பார்க்கவா?’ ஆமென்றேன். இந்தத் தடவை அது பொய் இல்லை.

இந்த மேட்டில் அவர்களுக்கு நினைவிடம் எழ முன்னூறு வருடத்துக்கு மேல் ஆயிற்று. மதச் சகிப்புக்கான ஆணை 1905இல் வந்த பிறகுதான் பழைய நம்பிக்கையினர் மணியடிக்கும் கோபுரத்தோடு தேவாலயம் கட்ட முடிந்தது. அப்போது இந்த ஊர் வணிகர்கள் கட்டிய சிவப்புச் செங்கல் பேராலயம் இன்னும் நிற்கிறது. பூட்டியிருந்தது, சுற்றி வந்ததோடு சரி.

மடாலயத்துக்கு மூன்று கிலோமீட்டர். நடந்தே போனேன், ஊர் முடிந்து, முட்டைக்கோஸ் இன்னும் பிடுங்காத தோட்டங்களும் நாய்களும் முடிந்து, சட்டென்று வெள்ளைச் சுவரும் கோபுரங்களும் எழுகின்றன. 1444இல் பஃப்னூத்தி என்ற துறவி நிறுவியது. அவருடைய தாத்தா, மங்கோலியருக்காக வரி வசூலிக்க வந்து, பின் கிறித்துவரான தாத்தாரியர். ரஷ்யாவின் புனிதர் பட்டியலைச் சுரண்டிப் பார்த்தால் இப்படித்தான் புல்வெளியின் மண் ஒட்டியிருக்கும்.

நடுவில் இருக்கும் பேராலயம் 1586இல் எழுந்தது. அதற்கு முன்பிருந்த கோயிலுக்குச் சுவரோவியம் தீட்டியவர் தியோனீசி, ரஷ்ய உருவ ஓவியத்தின் பெருங்கைகளில் ஒருவர். பழைய கோயிலை இடித்தபோது அந்த ஓவியக் கற்களையே புதிய சுவருக்குள் வைத்துக் கட்டிவிட்டார்கள். சிக்கனம்தான். பிற்காலத்தில் பழுது பார்க்கும்போது அவை வெளியே வந்தன.

1610இல் பொய் திமீத்ரி என்று வரலாறு அழைக்கும் இரண்டாவது போலி மன்னனின் படை இந்த மடத்தை முற்றுகையிட்டது. உள்ளேயிருந்த தளபதிகளில் இருவர் வாயிலைத் திறந்துவிட்டார்கள். திறக்க மறுத்த இளவரசர் மிகயீல் வல்கோன்ஸ்கி பேராலயத்துக்குள் பின்வாங்கிப் போராடி அங்கேயே வெட்டுண்டார். ஊரின் சின்னத்தில் வாகை மாலைக்கு நடுவே இருக்கும் சிவப்பு இதயம் அவருடையது. இரண்டு நூற்றாண்டு கழித்து 1812 அக்டோபரில் நெப்போலியன் வந்தார். போகும்போதும் இந்த வழி, மலயரஸ்லாவெத்ஸ் சண்டைக்குப் பிறகு திரும்பும்போதும் இந்த வழி. திரும்பியபோது ஊர் எரிந்தது. சோவியத் ஆட்சியில் மடம் மூடப்பட்டு வேளாண் இயந்திரப் பள்ளியானது. 1991இல் துறவிகளிடம் திரும்பியது. இப்போது எல்லாம் புதுச் சுண்ணாம்பின் வெள்ளை. பேராலயத்தை விட எனக்கு நினைவிருப்பது வாசல் கடையில் வாங்கிய கம்பு ரொட்டி. கனமும் புளிப்புமாக, இன்னும் சூடு ஆறாதது. அவ்வாக்கும் அடைபட்ட இடம் எது என்று ஓர் இளம் துறவியைக் கேட்டேன். ‘அவர் எங்கள் ஆள் இல்லையே’ என்று புன்னகையோடு சொல்லிவிட்டு நகர்ந்தார். திருச்சபை அந்தப் பழைய சாபத்தை 1971இலேயே நீக்கிவிட்டது. ஆனாலும் பகை முழுக்கத் தீரவில்லை போலும்.

ஊருக்குத் திரும்பும்போது நாலரை மணி, வெளிச்சம் சாயத் தொடங்கியிருந்தது. பேருந்துக்கு நேரம் இருந்ததால் மறுபடி சுவர்களைப் பார்த்துக்கொண்டு நடந்தேன்.

அவ்சீன்னிகவ் தளபதிகளையும் விஞ்ஞானிகளையும் மட்டும் வரைந்துகொண்டிருந்திருந்தால் நகராட்சி அவருக்கு மாலை போட்டிருக்கும். அவருடைய தந்தை 1937இல் கைதானவர். ஸ்தாலின் காலத்தில் இந்த வட்டாரத்தில் பிடித்துப் போகப்பட்டவர்களின் பெயர்களை மகன் வருடக்கணக்காகத் திரட்டினார், அவர்களின் முகங்களைச் சுவரில் வரைந்தார். இரவில் யாரோ வந்து அவற்றின்மேல் சாயம் பூசினார்கள். அவர் மறுபடி வரைந்தார். மறுபடி பூசினார்கள். 2022 மார்ச்சில் உக்ரைன் கொடியின் நீலமும் மஞ்சளும் உடுத்திய ஒரு சிறுமியை வரைந்தார். அவள் தலைக்கு மேலே குண்டுகள். படம் உடனே வெள்ளையடிக்கப்பட்டது. ராணுவத்தை இழிவுபடுத்தினார் என்று நீதிமன்றம் 35,000 ரூபிள் அபராதம் விதித்தது. அப்போது அவருக்கு வயது 84. வெள்ளையடித்த இடத்தில் அவர் ஒரு புறாவை வரைந்தார்.

ஓர் ஊர் தன் கிறுக்கர்களுக்குச் சிலை வைக்க எவ்வளவு காலம் எடுத்துக்கொள்கிறது என்று மனதுக்குள் கணக்குப் போட்டேன். சியோல்கோவ்ஸ்கிக்கு நூறு வருடத்துக்குச் சற்று மேல். ஃபியோதரவுக்குக் கிட்டத்தட்ட நூற்றைம்பது. மொரோசவாவுக்கு முன்னூற்றுச் சொச்சம். சியோல்கோவ்ஸ்கியின் கணக்கையே எடுத்துக்கொண்டாலும் சுவரோவியருக்கு இருபத்திரண்டாம் நூற்றாண்டு ஆகும். அதுவரை சுவர் தாங்காது.

பேருந்து நிறுத்தத்தில் ஆப்பிள் வாளியோடு ஓர் அம்மாள் இருந்தார். அந்தோனவ்கா ஆப்பிள், ஊரே மணக்கும் வகை. ஒரு கிலோ வாங்கிக்கொண்டு, எதிர்ச்சுவர் ஓவியங்கள் எப்படி, உங்களுக்குப் பிடிக்குமா என்று கேட்டேன். என் ரஷ்ய மொழியைப் பொறுத்துக்கொண்டு யோசித்துப் பதில் சொன்னார்.

‘படம் நல்லாத்தான் இருக்கு. ஆனா வரையறதுக்கு முன்னாடி சுவருக்கு ஒழுங்கா பூச்சு வேலை பண்ணியிருக்கணும். பாருங்க, உரியுது. பொறியாளரா இருந்தவர்தானே, தெரிய வேண்டாமா?’

அதற்குள் பலபானவோ வண்டி வந்துவிட்டது. உட்கார இடமில்லை. ஆப்பிள் பையை இரண்டு காலுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு நின்றபடியே ரயில் நிலையம் வரை வந்தேன்.